அளந்து பார்க்காத வைத்தியம்!

"பெண்ணையும் பிஞ்சுக் குழந்தையையும் சீரழித்த கொடியவனுக்குச் சிறையிலே வைத்தியமா? கல்லுடைக்கச் சொல்லுங்கள்!" என்று கொதிப்போர் உண்டு. அந்தக் கொதிப்பு நமக்கும் உண்டு. ஆனால் தோழர்களே, தண்டனைக் காலம் முடிந்ததும் அவன் வெளியே வருகிறானே! காரில் போகும் சீமாட்டிக்குக் காவல் உண்டு. இரவு முறை முடிந்து நடந்தே வீடு திரும்பும் தொழிலாளிப் பெண்ணுக்கு என்ன காவல்?

ஆகவே, அவனைத் திருத்த முயல்வது அவனுக்குக் காட்டும் இரக்கமல்ல. அடுத்த பெண்ணுக்குத் தேடும் பாதுகாப்பு. அந்த முயற்சி பலிக்கிறதா என்பதே நம் கேள்வி.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளைப் பாருங்கள். பாலியல் குற்றவாளிகளுக்கென 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பயிற்சி தொடங்கிற்று. கைதிகளைக் குழுவாக உட்கார வைத்து, செய்த குற்றத்தைப் பேசச் செய்து, மனத்தை மாற்றுவது அதன் முறை. சிறை ஊழியர்களும் அதை நடத்தினர். கால் நூற்றாண்டு ஓடிற்று.

பலன் என்ன? 2017 ஜூனில் அந்நாட்டு நீதி அமைச்சகமே அறிக்கை வெளியிட்டது. பயிற்சி பெற்ற 2,562 பேரையும், பெறாத 13,219 பேரையும் சராசரி எட்டாண்டுக்கு மேல் கவனித்து ஒப்பிட்டார்கள். மீண்டும் பாலியல் குற்றம் புரிந்தோர், பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 8 பேர். பெற்றவர்களிலோ 10 பேர்! குழுவிலே பலர் கதையையும் கேட்டவனுக்குத் தன் குற்றம் சாதாரணமாகத் தோன்றியிருக்கலாம் என்றும் அறிக்கை கருதியது.

"அப்படியானால் வைத்தியமே வீண்" என்று கதவை அடைப்பதா? கூடாது! பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளிவந்த கணக்கு வேறு சொல்கிறது. சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு 14.1 பேர் மீண்டும் அதே குற்றத்தில் இறங்கினர், பெற்றவர்களில் 9.5 பேர். தேர்ந்த உளவியலாளர் தொடர்ந்து உடனிருந்த இடங்களில் பலன் மேலும் நன்றாக இருந்தது. ஆக, கோளாறு வைத்தியம் என்ற கருத்திலே இல்லை; செய்த முறையிலே!

பழைய பயிற்சியை 2017-ல் நிறுத்தி, ஹொரைசான், கைசன் என்ற புதியவற்றை இங்கிலாந்து கொண்டுவந்தது. நிறுத்தியது சரி. ஆனால் பலிக்காததை நிறுத்த 25 ஆண்டா? தறியிலிருந்து இறங்கிய துணியை அன்றே அளந்து பார்க்கிறான் நெசவாளி. மனிதரின் மானமும் உயிரும் துணியைவிட மலிவா?

நாம் கேட்பது இவைதான்: உளவியல் கற்றவர் நடத்தட்டும். வெளியார் சோதிக்கட்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, மக்கள் முன் வைக்கட்டும். விடுதலையானவனுக்கு வேலையும் இருப்பிடமும் கொடுத்து, கண்காணிப்பும் தொடரட்டும்.

"வருந்துகிறேன்" என்று வாயால் சொன்னவனெல்லாம் திருந்தியவனல்ல. பாவமன்னிப்புச் சீட்டு கொடுப்பது சிறையின் வேலையுமல்ல. இன்னொரு குழந்தை அழாதிருக்கச் செய்வதே அதன் வேலை!