நெல்லுக்கு வேலியிட்ட சாமி எங்கே?

திருநெல்வேலி என்னும் பெயருக்குத் தலபுராணக்காரர்கள் ஒரு கதை சொல்லுகின்றார்கள். வேதசர்மா என்னும் பார்ப்பனர் சுவாமி நைவேத்தியத்துக்கு நெல் காயப்போட்டிருந்தாராம், பெருமழை பிடித்துக்கொண்டதாம், நெல்லையப்பர் அந்த நெல்மேல் ஒரு சொட்டும் விழாமல் வேலியிட்டுக் காத்தாராம். காத்தது தம் படையலுக்கு வந்த நெல்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, கதை அப்படியே இருக்கட்டும். 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தாமிரவருணிச் சீமையில் மழை பெய்ததே, அப்பொழுது அந்த வேலி எங்கே போயிற்று? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் கொட்டிற்று. குடியானவன் வீடும் மாடும் பயிரும் வெள்ளத்தோடு போயின. ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோவிலே மூழ்கிற்று. வெள்ளம் வருகிறதென்றால் அக்கோவில் உற்சவ விக்கிரகத்தை மனிதர்கள்தான் மேலக்கோவிலுக்குத் தூக்கிப் போவது வழக்கம். தான் கரையேறவே ஆள் வேண்டியவர் நம்மை எப்படிக் கரையேற்றுவார்? ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளோடு ரயில் சிக்கி நின்றபோது சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஜனங்களேயன்றி எந்தச் சாமியும் அல்ல.

ஜப்பானியருக்கும் சூசானோவோ என்று ஒரு புயல் சாமி உண்டு. கியோட்டோ நகரில் யசாகா என்னும் பெரிய கோவிலும் உண்டு. இருந்தும் 1959-ம் வருஷம் இசே வளைகுடாப் புயலில் 5,000 பேருக்குமேல் மாண்டார்கள். பிறகு அவர்கள் செய்ததென்ன? 1961-ல் பேரிடர்த் தடுப்புக்குச் சட்டம் செய்தார்கள்; 1964-ல் பூஜி மலையுச்சியில் புயலைத் தூரத்திலேயே கண்டறியும் ராடார் வைத்தார்கள். கோவிலை இடிக்கவில்லை, ஆனால் உயிரை அதன் பொறுப்பில் விடவுமில்லை.

நம் நாட்டிலோ 2019-ல் மழைக்காக யாகம் செய்யும்படி அறநிலையத்துறையே கோவில்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாத காலத்தில் நந்திக்குத் தொட்டி கட்டிக் கழுத்தளவு தண்ணீர் நிரப்புவதாம்! மழை பெய்தால் யாகத்தின் பலன். பெய்த மழை ஊரை அழித்தால் மட்டும் ஜனங்களின் தலைவிதியா? இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே, யாகத்துக்குக் காசு கேட்டு வருபவரிடம் நம்மூர்க் குளத்தில் தூர் எடுத்தாயிற்றா, கரையும் மடையும் உறுதியா, அணை திறக்குமுன் கீழூர்களுக்கு அறிவிப்பு வருமா என்று கேளுங்கள். பதில் வந்தபின் காசைப்பற்றி யோசிக்கலாம்.