பால் குடிக்காதவன் நோயாளியா?

"பால் குடிக்காத பிள்ளை எப்படித் தேறும்?"

கள்ளக்குறிச்சி பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. ஒரு டம்ளர் பாலைக் குடித்து வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போட்டு, வகுப்பு நடுவில் எழுந்து ஓடும் பையனுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் "வயிறு சரியில்லாதவன்". கொஞ்சம் படித்தவர்கள் என்றால் "ஜீன் கோளாறு" என்பார்கள். இரண்டுமே தப்பு!

வீட்டுப் பேச்சோடு நின்றால் விட்டுவிடலாம். இது அரசாங்கத்தின் சமையலறை வரைக்கும் போகிறது. 2015ல் மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினர் அதிகம் வாழும் மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கலாம் என்று அதிகாரிகள் யோசனை சொன்னார்கள். முதலமைச்சர் முடியாது என்று சொல்லிவிட்டார். முட்டை வேண்டாம், பால் கொடுங்கள் என்பதுதான் அந்தப் பக்கத்து வாதம். கர்நாடகத்தில் 2013 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். 2021ல் சில மாவட்டங்களில் முட்டையும் சேர்க்கப் போனபோது மடாதிபதிகள் கிளம்பினார்கள். பால் எல்லோருக்கும் பொது, முட்டை சிலருக்கு மட்டும் என்பது இவர்கள் கணக்கு. உயிரியல் கணக்கு நேர் எதிராக இருக்கிறது.

பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் சுரக்க வேண்டும். சுரக்காவிட்டால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியாக்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. காற்று, உப்புசம், ஓட்டம் எல்லாம் அதன் பலன். சரி, லாக்டேஸ் ஜீன் இல்லாதவர்களுக்குத்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. பால் குடித்துச் செரிக்கிறவருக்கும் செரிக்காதவருக்கும் அந்த ஜீன் ஒன்றேதான். பழுது எதுவும் கிடையாது. தாய்ப்பால் குடித்த வயதில் இருவருக்கும் அது நன்றாகவே வேலை செய்தது.

வித்தியாசம் ஜீனுக்கு வெளியே இருக்கிறது. உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். கண்ணிலும் உண்டு லாக்டேஸ் ஜீன், கல்லீரலிலும் உண்டு. ஆனால் அது பேசுவது குடலில் மட்டும். எல்லாக் கிளை அலுவலகத்திலும் ஒரே லெட்ஜர் இருக்கிறது. எந்தக் கிளை எந்தப் பக்கத்தைத் திறக்கும் என்பதை முடிவு செய்வது வேறு ஆள். அந்த ஆளுக்குப் பெயர் என்ஹான்சர், தமிழில் தூண்டுபகுதி எனலாம். புரதம் எதையும் செய்யாத டிஎன்ஏ துண்டு அது. அந்தந்தத் திசுவில் மட்டும் இருக்கும் சில புரதங்கள் அதில் வந்து ஒட்டும். டிஎன்ஏ வளைந்து, தொலைவில் இருக்கும் ஜீனைத் தொட்டு எழுப்பும். 1981ல் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸில்தான் இப்படி ஒன்றை முதலில் பார்த்தார்கள். புரதத்துக்கான குறிப்பு நம் டிஎன்ஏவில் சுமார் 2 சதவீதம்தான். மிச்சத்தையெல்லாம் "குப்பை" என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

லாக்டேஸ் ஜீனின் தூண்டுபகுதி இருக்கும் இடம் வேடிக்கையானது. 13,910 எழுத்து தள்ளி, எம்சிஎம்6 என்ற இன்னொரு ஜீனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உங்கள் வீட்டு ஸ்விட்ச்! வயது ஏற ஏற அந்த ஸ்விட்சுக்குப் பூட்டு விழும். பாலூட்டிகளின் பொது வழக்கம் அது. சிலருக்கு மட்டும் அந்த இடத்தில் சி என்ற எழுத்து டி ஆக மாறியிருக்கிறது. அவர்களுக்குப் பூட்டு விழுவதில்லை. 2002ல் பின்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2007ல் கென்யா, தான்சானியா மாடு மேய்ப்பவர்களிடம் பார்த்தால் அதே தூண்டுபகுதியில் வேறோர் எழுத்து, 14,010வது இடத்தில் மாறியிருந்தது. மாடும் ஒட்டகமும் வளர்த்த கூட்டங்களில் தனித்தனியாக நடந்த விஷயம் இது.

அப்படியானால் விதிவிலக்கு யார்? உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டேஸ் குறைந்துதான் போகிறது. பெரும்பான்மையை நோயாளி என்பது எந்த ஊர் நியாயம்? இந்தியாவில் அந்த டி எழுத்து வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் வர வரக் குறைவு என்று 2012ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் மிக அதிகமாக டி எழுத்து இருந்தது பஞ்சாபில் அல்ல, நீலகிரியின் தோடர்களிடம். எருமைகளோடு வாழ்ந்து வந்த மக்கள். ஆக ஒரே தமிழ்நாட்டுக்குள் ஒரு மலையின் வயிறு வேறு, சமவெளியின் வயிறு வேறு. "பழங்குடியினருக்குப் பால்" என்று டெல்லியிலோ போபாலிலோ உட்கார்ந்து ஒரே வரியில் எழுதுவது எத்தனை அபத்தம்!

எதிர்க்கட்சி வக்கீலுக்கும் ஒரு வாய்ப்பு. பால் விஷம் என்று யாரும் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஸ்விட்ச் இன்னும் திறந்தேதான் இருக்கும். பெரியவர்களிலும் பலர் ஒரு டம்ளரைத் தாங்குவார்கள். தயிரிலும் மோரிலும் பாக்டீரியா பாதி வேலையை முடித்துவிடும் (பாட்டிகள் வெயில் காலத்தில் மோர் கொடுத்ததற்கு டிஎன்ஏ படிக்கவில்லை). பால் கொடுப்பதில் தப்பில்லை. முட்டையைப் பிடுங்கிக்கொண்டு பாலை நீட்டுவதுதான் தப்பு. முட்டையின் புரதத்துக்கு எந்த எழுத்தும் மாறியிருக்க வேண்டியதில்லை.

கல்வராயன் மலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்துச் சாப்பிட்ட மலையாளி மக்களின் பிள்ளைகள் இன்று வெள்ளிமலைப் பள்ளியில் மதியம் தட்டோடு உட்காருகிறார்கள். 1982ல் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010ல் அது வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. யாரையும் நோயாளி ஆக்காத ஏற்பாடு. முட்டையை மறுத்துவிட்டுப் பாலை நீட்டும் மாநிலங்களில், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு என்ன வைத்திருக்கிறார்கள்?