தேறிய கோழிக்கு ஒரு பஞ்சாரம்



ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், துணிக்கொடிக்குக் கீழே நாலைந்து கோழிகள் கிளறிக்கொண்டிருக்கும். சந்தையில் வாங்கிய சிறுவிடை, தேன்கனிக்கோட்டை மாமியார் வீட்டுப் பெட்டை, எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து வந்த கிரிராஜா என்று எல்லாம் கலந்துதான். அந்த வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு வருத்தம் அடிக்கடி தலைகாட்டுகிறது. சீக்கு வந்த கோழியைத் தனியே வைத்து, மருந்து கொடுத்துத் தேற்றியாயிற்று. திரும்பக் கொண்டுபோய் விட்டால் மற்றவை சேர்ந்து கொத்தித் துரத்துகின்றன. “நம்ம கோழிதானே, அதுக்குள்ள மறந்துபோச்சா?”

மறந்தும் இருக்கலாம், அது வேறு கோழியாகத் தெரிந்தும் இருக்கலாம். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. நோயில் கிடந்து கொண்டை வெளுத்து, ஒருபக்கம் சாய்ந்து, உடம்பும் இளைத்து வந்தால் கூட்டத்துக்கு அது அந்நியம். போதாததற்கு அதன் இடமும் பறிபோயிருக்கும். எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது யாருக்கு ஒதுங்க வேண்டும் என்ற வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவைத்து, 1922-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாததல்ல, எழுதிவைக்கத்தான் யாருமில்லை. இந்த வரிசையில் பெட்டைகளின் கணக்கு வேறு, சேவல்களின் கணக்கு வேறு. அதனால் சேவல் சும்மா நிற்கிறதே என்று அதைத் திட்டிப் பயனில்லை.

இங்கே கம்பெனிகளில் நோயிலிருந்து மீண்டவர் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுத்தாலும், முதல் சில நாள் லைட் டூட்டிதான் தருவார்கள். கோழிக்கு அந்த லைட் டூட்டி பஞ்சாரம். அடைத்து வைக்கும் கூடை என்றே அதை நினைக்கிறோம். ஆனால் அதன் இடுக்கு வழியே உள்ளிருப்பது வெளியே தெரியும், கொத்துதான் எட்டாது. தேறிய கோழியைப் பகலில் பஞ்சாரத்துக்குள் விட்டு, மற்றவை மேயும் இடத்திலேயே நிழலில் வையுங்கள். பஞ்சாரம் இல்லாவிட்டால் கம்பிவலைத் தடுப்பு போதும். உள்ளே தீனியும் தண்ணீரும், வெளியே மற்றவற்றுக்கும் அருகிலேயே தீனி. ஒரு வாரம் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் தின்றால் முறைப்பு குறையும். பிறகு திறந்த வெளியில், கம்பை இரண்டு மூன்று இடத்தில் இறைத்துவிட்டு, கூடையைத் தூக்குங்கள். சாதுவான ஒரு பெட்டையை முதலில் துணைக்கு விடலாம். ரொம்பவும் விரட்டுகிற ரௌடி ஒன்று இருந்தால், அதைச் சில நாள் தனியே அடைத்துவிட்டுத் திரும்ப விடுவது நல்ல தந்திரம்: இப்போது புதிதாக வந்தது அதுதான்.

இருட்டியபின் அடையும் இடத்தில் மெதுவாகக் கொண்டுபோய் வைப்பது பழைய வழக்கம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை வராது. ஆனால் விடிந்ததும் குறுகிய கூண்டுக்குள் ஓட இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இதை வாரவிடுமுறைக்கு முந்தைய இரவில் செய்யுங்கள்.

இரண்டொரு கொத்து விழத்தான் செய்யும், அதில் தலையிடாதீர்கள். ரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்ட கோழிகள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தும், உயிர் போகும்வரைகூட. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, புண் ஆறி மறைந்தபின் மறுபடி பஞ்சாரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. தேறியது போலத் தெரியும் எல்லாக் கோழியையும் சேர்க்கக் கூடாது. நாள்பட்ட சளி நோய் வந்த கோழி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்து மற்றவற்றுக்குப் பரப்பக்கூடும். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்து, கழுத்து திருகி நிற்கும் கோழியால் கூட்டத்தோடு போட்டி போட்டுத் தின்ன முடியாது. எந்த நோய் என்று தெரியாமல் அவசரப்படாதீர்கள். ஓசூர்க்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் உண்டு. 1824-இல் குதிரைகளுக்காகத் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது. கோழியின உற்பத்திக்கென்று தனிக் கல்லூரியும் மத்திகிரியில்தான். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் நாட்டுக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும். திடமாக இருக்கும் கோழிகளைக் கூடையில் போட்டு எடுத்துப் போங்கள். பஞ்சாரத்தில் இருப்பதை வீட்டிலேயே விட்டுவிட்டு, அதற்கு எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்