முதுமரம் காப்போம்

காய்ப்பு ஓய்ந்த கொல்லை மாமரத்தை வெட்டி விறகாக்க முற்படுவோர் பலர். அது முறையன்று என்பது என் துணிபு.

மாமரம் கிளைநுனித் தளிர் முதிர்ந்த பின்னரே பூக்கும். கிளைகள் அடர்ந்து வெயில் உட்புகாவிடின் நுனிகள் நலியும், காய்ப்பும் குன்றும். எனவே, குறை மரத்தினது அன்று; பேணாத நம்முடையதே.

எந்தை நட்ட மரத்தையும் வெட்டுமாறு அண்டை வீட்டார் கூறினர். யானோ, காய்ந்தனவும் நெருங்கியனவுமான கிளைகளைக் களைவித்து, வெட்டுவாயில் போர்டோப் பசை பூசுவித்தேன். அடிமரத்தை ஒட்டாது, கிளைநிழலின் விளிம்பில் வட்டமாகக் குழி பறித்துத் தொழுவுரம் இட்டேன். உணவு உறிஞ்சும் நுண்வேர்கள் ஆங்கே மிகுதி. முதல் 2 ஆண்டுகள் காயில்லை, பலர் நகைத்தனர். 3ஆம் ஆண்டில் மரம் பூத்தது.

மாணவர்களே! நட்டவர் மறைந்த பின்னும் நிற்கும் மரம் அவர்தம் கொடை. கோடரியை எடுக்குமுன் மண்வெட்டியை எடுங்கள்.