சராசரி என்பது தவணைத் தேதி அல்ல

2004 டிசம்பர் 26 சுனாமி நிலநடுக்கத்தில், சுமத்ராவை ஒட்டிய சுந்தா கடல் அகழி தன் ஆற்றலையெல்லாம் கொட்டிவிட்டது, இனி 500 ஆண்டுகளுக்குப் பயமில்லை என்ற வாதம் காரைக்குடித் திண்ணைப் பேச்சுக்கு வேண்டுமானால் பொருந்தும். பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவில்தான் செட்டிநாட்டு வீடுகள் உயர்ந்த மேடையில் எழுந்தன என்ற செவிவழிக் கதையும் இதற்குச் சாட்சிக்கு வருகிறது. அழகான கதைதான், ஆனால் அதை வைத்து இடைவெளியைக் கணக்கிட முடியாது. சுனாமிகள் விட்டுச்சென்ற மணல் படிவுகளை வைத்து முடியும். சுமத்ராவின் ஆச்சே கரையோரக் குகை ஒன்றில், 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்புவரை வந்த குறைந்தது 11 சுனாமிகளின் தடம் இருக்கிறது. சராசரி இடைவெளி சுமார் 450 ஆண்டுதான். ஆனால் ஒருமுறை 2,000 ஆண்டுகளுக்கு மேல் அமைதி, இன்னொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் பல சுனாமிகள். இதில் எந்த இடைவெளியை நம்பி நிம்மதியாக இருப்பது?

2004-இல் சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடியது. மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 28-இல், அதன் தென்முனையை அடுத்த நியாஸ் பகுதி 8.6 அளவில் அதிர்ந்தது. ஓரிடத்தில் தளர்ந்த அழுத்தம் பக்கத்து இடத்தில் கூடலாம்.

அப்படியானால் சராசரி வீணா என்பார்கள். வீணல்ல, கட்டட விதி வகுக்க அது வேண்டும், பிழை எல்லையோடு சேர்த்து. நிலநடுக்கமானிகளின் பதிவோ நூற்றாண்டைச் சற்றே தாண்டியது. அதை மட்டும் பார்த்தவர்களுக்கு 2004 அதிர்ச்சியாக வந்ததில் வியப்பில்லை.