சாவியைத் தொடாதே!

ஆசிரியருக்கு,

பிளக் மாற்றும்போது என் காரின் சிலிண்டருக்குள் சின்ன வாஷர் ஒன்று விழுந்துவிட்டது. ஹெட்டையே இறக்கணும் என்றார் ஒருவர். குப்பத்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவரோ, "சாவியைத் தொடாதே தம்பி" என்று முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். எல்லா பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் திருப்பி, பிஸ்டனை முக்கால்வாசி மேலே கொண்டுவந்தார். முழுக்க ஏற்றினால் வாஷர் ஹெட்டில் நசுங்குமாம். 14 மி.மீ. பிளக் துளைக்குள் டார்ச் அடித்தோம்; வாஷர் மின்னியது. காந்தக் கம்பியில் ஒட்டவில்லை, செம்பு. கம்பி நுனியில் கெட்டி கிரீஸ் தடவி ஒற்றியெடுத்தார். ஒரே ஒரு செல்ஃப் அடித்திருந்தாலும் அலுமினியப் பிஸ்டன் அடிபட்டிருக்கலாம். இப்படிப்பட்ட கைகளின் அனுபவத்தைத் தங்கள் இதழ் தொடராக வெளியிட வேண்டும்.

— ஒரு வாசகர், குப்பம்