கழிப்பறையின் திசை மட்டும்தான் மார்க்கமா?

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பழைய குளியலறையைப் புதுப்பிக்கத் தொடங்கும் நம் மக்கள் ஆலிம்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், கழிப்பறை கிப்லாவை நோக்கி இருக்கிறது. என்ன செய்வது?" ராயகிரியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இக்கேள்விக்குப் பலமுறை விடையளித்திருக்கிறோம். மாற்றி அமையுங்கள் என்போம், மாற்றிவிடுவார்கள்.

அப்படி மாற்றப்பட்ட ஒரு வீட்டை அண்மையில் கடந்து செல்ல நேர்ந்தது. கோப்பை வடக்குத் தெற்காகத் திரும்பிவிட்டது. அதன் கழிவுக் குழாயோ தெரு வாறுகாலில் வந்து திறந்திருந்தது. உளூவுடன் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் அந்த வாறுகாலைத் தாண்டித்தான் வரவேண்டும். அன்று நமக்கு அந்த வீட்டாரின் மீது கோபம் வருமுன் நம்மீதே வெட்கம் வந்தது. கோப்பையின் திசையைச் சொன்ன நாம், குழாயின் திசையைக் கேட்கவில்லை.

மலஜலம் கழிக்கையில் கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கட்டடத்துக்குள்ளும் இத்தடை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கட்டடத்துக்குள் சலுகை உண்டு என்பது ஷாஃபியீ மத்ஹபின் நிலை. இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அதற்கு ஆதாரம். ஆக, இமாம்களிடையே கருத்து வேறுபாடு உள்ள ஒரு மஸ்அலா இது. பேணுதலாக நடப்பவரை நாம் குறை கூறவில்லை.

ஆனால் பாதையில் மலஜலம் கழிப்பது மக்களின் சாபத்தைத் தேடித் தரும் செயல் என்ற எச்சரிக்கையும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதே! அதில் எந்த இமாம் சலுகை தந்தார்? ஒருவர் பாதையில் அமர்ந்து கழிப்பதற்கும், வீட்டுக்குள் அமர்ந்து குழாய்வழியே பாதைக்கு அனுப்புவதற்கும் வேறுபாடு என்ன? முன்னவர் ஒருமுறை செய்கிறார். பின்னவர் குடும்பத்தோடு நாள்தோறும் செய்கிறார். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைப் பாதையில் கொண்டுவந்து சேர்ப்பது எதன் கிளை?

இது எப்படி நேர்கிறது என்பதையும் அறிவோம். செப்டிக் டேங்க் கொல்லையில் இருக்கிறது. கழிப்பறையை வீட்டின் முன்பக்கம் நகர்த்துகிறார்கள். நான்கு அங்குலக் குழாயில் கழிவு தேங்காமல் ஓட, அடிக்குச் சுமார் கால் அங்குலச் சரிவு வேண்டும். முப்பது அடி தூரத்துக்கு ஏழரை அங்குலம்! அதற்குத் தரையை உடைக்க வேண்டும், அல்லது குளியலறைத் தளத்தை உயர்த்த வேண்டும். "வாறுகால் பக்கத்திலேயே இருக்கிறதே" என்கிறார் வேலைக்காரர். வீட்டுக்காரர் தலையசைக்கிறார். சுவர் முழுக்க டைல்ஸ் பதிக்கப் பணம் இருந்தது. குழாய்க்குப் பள்ளம் தோண்டத்தான் இல்லையாம்.

உண்மையில், பலருக்குக் கழிப்பறையை நகர்த்த வேண்டிய தேவையே இல்லை. நம் ஊரில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. இருக்கும் இடத்திலேயே கோப்பையை வடக்குத் தெற்காகத் திருப்பினால் போதும். பழைய குழாயோடு இணைக்கவும் பெரும்பாலும் வழி இருக்கும். அதற்கும் இயலாதவருக்கு அபூ அய்யூப் (ரலி) அவர்களே முன்மாதிரி. ஷாம் நாட்டில் கிப்லாவை நோக்கிய கழிப்பறைகளைக் கண்ட அவர்கள், அமரும்போது திரும்பிக்கொண்டு அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடினார்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் சரிவு குறையாமல், குழாய் திரும்பும் இடத்தில் சேம்பர் வைத்து, செப்டிக் டேங்குக்கே கொண்டு செல்லுங்கள். டேங்கிலிருந்து வழியும் நீரும் நஜீஸ்தான். அது உறிஞ்சுகுழிக்குப் போகட்டும், தெருவுக்கு வேண்டாம். கிணற்றருகே அக்குழியைத் தோண்டாதீர்கள். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை நம் ஃபிக்ஹ் நூல்கள் தனியே ஆராய்ந்திருக்கின்றன. இந்திய அரசின் தர விதியோ குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டர் விலகச் சொல்கிறது.

"ஊரே இப்படித்தான் விடுகிறது, பேரூராட்சியும் கேட்பதில்லை" என்பார்கள் சிலர். சட்டம் கேட்கிறது. மனிதக் கழிவு அகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மலம் திறந்த வாறுகாலில் விழுந்து அதை ஒருவர் கையால் அகற்ற வேண்டியிருந்தால், அந்தக் கழிப்பறை சுகாதாரமற்ற கழிப்பறை. அதைக் கட்டுவது குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேரூராட்சி கேட்காவிட்டாலும் மறுமையில் கேட்கப்படும். இது ஹக்குல் இபாத், அடியானின் உரிமை. அவன் மன்னிக்காதவரை நம் தவ்பா அந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது.

அந்த அடியான் யார்? விடியற்காலையில் வாறுகாலில் இறங்கி நம் கழிவை அள்ளும் தூய்மைப் பணியாளர். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். மறுநாள் காலையில் நம் மலத்தை அள்ளுவதற்கென்றே ஒரு கூட்டம் பிறந்திருப்பதுபோல் குழாயைத் திறந்து விடுகிறோம். தீன் நமக்குக் கற்பித்த சமத்துவம் இதுதானா?

இனி நம்மிடம் கழிப்பறையின் திசையைக் கேட்டு வருபவரிடம், "உங்கள் குழாய் எங்கே போகிறது?" என்று முதலில் கேட்போம். சக ஆலிம்களும் கேட்கவேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசல் கழிப்பறையின் குழாயிலிருந்தே இதைத் தொடங்கட்டும்; அது வாறுகாலில் விழுமானால், மிம்பரில் நின்று ஊருக்குச் சொல்ல நமக்கு வாயில்லை.

அல்லாஹ்வின் உரிமையையும் அடியார்களின் உரிமையையும் ஒருசேரப் பேணும் மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.